வைத்தியச் செலவுக்குப் பி.எப். பணம்: பேரை வெட்டுவதா, முன்பணம் கேட்பதா?

போடிமெட்டு:

காலை ஆறு மணிக்கெல்லாம் போடிமெட்டு விழித்துக்கொண்டுவிடுகிறது. போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறிவரும் ஜீப்புகள் சோதனைச் சாவடியில் ஒரு நிமிடம் நின்று, பூப்பாறைப் பக்கம் இறங்கிப் போகின்றன. ஒவ்வொன்றிலும் தலைத்துண்டும் தூக்குச்சட்டியுமாகப் பெண்கள். மாலையில் அதே ஜீப்புகள் அவர்களை இறக்கிக்கொண்டு போகும். தமிழ்நாட்டில் உறக்கம், கேரளத்தில் உழைப்பு. இது ஒரு வகை. தோட்டத்து லயத்திலேயே குடியிருந்து, ஆண்டுக்கணக்கில் ஒரே மஸ்டரில் பெயர் உள்ளவர்கள் மற்றொரு வகை.

சாவடியை ஒட்டிய டீக்கடைகளில் இந்த இரண்டாம் வகையினரிடையே அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. வீட்டில் யாருக்காவது பெரிய வியாதி வந்துவிட்டது, ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள், பணத்துக்கு எங்கே போவது என்பதில் அது தொடங்கும்.

“பேசாம பேரை வெட்டிட்டு பி.எப்.ப முழுசா எடுத்துருங்க மதினி. நாளைக்கு வேற தோட்டத்துல சேந்துக்கிறலாம்.”

“எப்பப்பா வரும் அந்தக் காசு?”

“ரெண்டு மாசம் ஆகும்ங்கிறாக.”

“இருபதாந் தேதி ஆபரேஷனுக்கு வரச் சொல்லிருக்காகளேப்பா!”

யோசனை சொல்பவர் நல்ல மனதுடன்தான் சொல்கிறார். ஆனால் அந்த யோசனையைக் கேட்டு நடப்பவர் அவசரத்துக்குப் பணமும் பெறாமல், வந்த பணத்தில் வரியும் பிடிக்கப்பட்டு, பென்ஷனுக்கான சர்வீசையும் இழந்து நிற்க நேரிடும். ஒரே பணத்தை எடுக்க இரண்டு வாசல்கள் இருக்கின்றன என்பதும், ஒன்றில் வரி அதிகாரி நிற்கிறார், மற்றொன்றில் நிற்கவில்லை என்பதும் ஏலமலையில் இன்னும் சரியாகப் பரவவில்லை.

பேரை வெட்டாமலே வாங்கும் வழி

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டமும் திட்டமும் 1952ஆம் ஆண்டில் வந்தவை. காப்பி, ரப்பர், ஏலம், மிளகுத் தோட்டங்களுக்கு 1957இல் விஸ்தரிக்கப்பட்டன. அந்தத் திட்டத்தில் 68-ஜே என்று ஒரு ஷரத்து. உறுப்பினருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ பெரிய அறுவைச் சிகிச்சை என்றாலும், காசநோய், தொழுநோய், பக்கவாதம், புற்றுநோய், மனநோய், இதய நோய் போன்றவை என்றாலும், உறுப்பினரே ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தாலும், நிதியிலிருந்து முன்பணம் பெற அது வழி செய்தது. முன்பணம் என்று பெயரே தவிர, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. எத்தனை ஆண்டு சர்வீஸ் என்ற கேள்வியும் அந்த ஷரத்தில் இல்லை.

தொகைக்கு மட்டும் ஒரு வரம்பு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து ஆறு மாதத்துக்கு எவ்வளவோ அது, அல்லது தொழிலாளி தன் பங்காகச் செலுத்தியதும் அதன் வட்டியும், இவற்றில் எது குறைவோ அது.

முன்பு டாக்டர் சர்டிபிகேட்டும் முதலாளியின் சான்றும் கேட்டார்கள். அதற்காகவே ஓடி ஓடி அலுத்துப்போய்க் கந்துவட்டிக்குப் போனவர்கள் உண்டு. 2017இல் அந்த ஷரத்து திருத்தப்பட்டு, விண்ணப்பதாரரின் சொந்த உறுதிமொழியே போதும் என்றாயிற்று. ஆதார் எண், பேங்குக் கணக்கு இரண்டும் பி.எப். கணக்கோடு சரியாக இணைந்திருந்தால் முதலாளியின் கையெழுத்தும் வேண்டாம். வைத்தியத்துக்கான விண்ணப்பங்களை அதிகாரி தலையீடின்றி இயந்திரமே தீர்த்துவைக்கும் முறையில் 50,000 ரூபாயாக இருந்த வரம்பு 2024இல் ஒரு லட்சமாகவும், 2025இல் ஐந்து லட்சமாகவும் உயர்த்தப்பட்டது.

2025 அக்டோபர் 13 அன்று கூடிய மத்திய அறங்காவலர் குழு மேலும் ஒரு முடிவெடுத்தது. வீடு, கல்யாணம், படிப்பு, வியாதி என்று 13 ஷரத்துக்களாகச் சிதறிக் கிடந்த இடைக்காலப் பணம் எடுக்கும் விதிகளை ஒன்றாக்குவது. முதலாளி பங்கிலிருந்தும் எடுக்க அனுமதிப்பது. கணக்கில் எப்போதும் 25 சதவீதம் மீதி வைப்பது. எல்லாவற்றுக்கும் 12 மாத சர்வீஸ் என்று ஒரே அளவு கொள்வது. எடுக்கக்கூடிய தொகை இதனால் கூடுகிறது. ஆனால் வியாதிக்கு சர்வீஸ் வரம்பே இல்லாதிருந்த இடத்தில் ஓர் ஆண்டு என்பது புகுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் விண்ணப்பிக்குமுன் எந்த விதிப்படி தங்கள் மனு பரிசீலிக்கப்படும் என்று வைப்பு நிதி அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த வாசலில் வரி இல்லை. உறுப்பினராக இருந்துகொண்டே பெறுவது முன்பணம். கணக்கைத் தீர்த்துப் பெறும் தொகை அல்ல. வருமான வரிச் சட்டம் ஐந்தாண்டுக் கணக்குப் பார்ப்பது கணக்கைத் தீர்க்கும்போதுதான்.

பேரை வெட்டினால் என்ன ஆகும்?

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் நான்காவது அட்டவணையில் இதற்கான விதி இருந்தது. ஐந்தாண்டுகள் தொடர்ச்சியாக சர்வீஸ் செய்தவர் கணக்கைத் தீர்த்தால் வரி இல்லை. அதற்குமுன் தீர்த்தால் வரி உண்டு. 2015 ஜூன் முதல், பணம் கொடுக்கும்போதே வரியைப் பிடித்துக்கொள்ளும் 192-ஏ பிரிவும் சேர்ந்தது. முதலில் 30,000 ரூபாய்க்கு மேல் என்றிருந்தது. 2016 ஜூனில் அது 50,000 ஆயிற்று. பிடித்தம் 10 சதவீதம். பான் எண் கொடுக்காதவருக்கு ஆரம்பத்தில் உச்ச வரி விகிதமே பிடிக்கப்பட்டது; 2023 ஏப்ரல் முதல் அது 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

2026 ஏப்ரல் 1 முதல் 1961 சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. பிரிவுகளின் எண்கள் மாறியிருக்கின்றன. ஐந்தாண்டும் ஐம்பதாயிரமும் பத்து சதவீதமும் மாறவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பூப்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மூன்றாண்டு வேலை செய்தவர். மாதம் 12,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். அவர் பங்கு 12 சதவீதம், அதாவது மாதம் 1,440 ரூபாய். 36 மாதத்தில் 51,840. முதலாளியும் 1,440 செலுத்துகிறார். ஆனால் அதில் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் பென்ஷன் நிதிக்குப் போய்விடுவதால் பி.எப். கணக்கில் சேருவது 440 மட்டுமே. 36 மாதத்தில் அது 15,840. இரண்டும் சேர்ந்து 67,680. வட்டியை இங்கே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

68-ஜே ஷரத்துப்படி இவருக்குக் கிடைக்கக்கூடிய முன்பணம், ஆறு மாதச் சம்பளமான 72,000, சொந்தப் பங்கான 51,840 ஆகிய இரண்டில் குறைந்தது. அதாவது 51,840 ரூபாய், பிடித்தம் இல்லாமல்.

பேரை வெட்டிக் கணக்கைத் தீர்த்தால் 67,680. பான் எண் கொடுத்திருந்தால் 6,768 பிடிப்பார்கள். கொடுக்காவிட்டால் 13,536. கையில் வருவது 54,144. முன்பணத்தைவிட 2,304 ரூபாய் அதிகம். இந்த இரண்டாயிரத்துச் சொச்சத்துக்காக வேலையும் போய், கணக்கும் போய்! வேலையை விட்டு இரண்டு மாதம் சும்மா இருந்த பிறகே முழுப் பணம் என்பதுதான் நெடுநாளைய விதி. 2025 அக்டோபர் முடிவு, 75 சதவீதத்தை உடனே கொடுத்து மீதிக்கு 12 மாதம் காத்திருக்கும்படி சொல்கிறது. இருபதாம் தேதி ஆபரேஷனுக்கு நாள் குறித்தவருக்கு இந்தக் காத்திருப்பு எதற்கு உதவும்?

பிடித்த பணம் சர்க்காருக்கே போனதென்று கருத வேண்டியதில்லை. பிடித்தம் வேறு, வரி வேறு. 12,000 ரூபாய் சம்பளக்காரருக்கு வருமான வரி வரவே வராது. அவர் வருமானக் கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்தது திரும்பி வரும். அல்லது தமக்கு வரி கிடையாது என்ற உறுதிமொழிப் படிவத்தை (பழைய சட்டத்தில் 15-ஜி, அறுபது வயதானவர்களுக்கு 15-எச் என்று வழங்கியது) பான் எண்ணுடன் முன்கூட்டியே கொடுத்தால் பிடித்தமே இராது. ஆனால் லயத்தில் குடியிருக்கும் எத்தனை பேர் அடுத்த ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்து ஆறாயிரத்தைத் திரும்ப வாங்குவார்கள்? படிவத்தை முன்னாலேயே கொடுத்துவிடுவதுதான் நடக்கிற காரியம்.

யாருடைய வியாதி?

ஐந்தாண்டு ஆகாமல் தீர்த்தாலும் வரி இல்லாத சந்தர்ப்பங்கள் சில உண்டு. தொழிலாளியின் உடல்நலக் குறைவால் சர்வீஸ் முடிந்தால் வரி இல்லை. முதலாளி தொழிலைச் சுருக்கினாலோ மூடினாலோ வரி இல்லை. தொழிலாளியின் கைமீறிய வேறு காரணத்தால் என்றாலும் இல்லை.

இதில் “தொழிலாளியின்” என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். புருஷனுக்கு ஆபரேஷன் என்று மனைவி வேலையை விட்டால், அது அவளுடைய உடல்நலக் குறைவு ஆகாது. குடும்பத்தாரின் வியாதிக்கு முன்பண வாசல் திறந்திருக்கிறது. இந்த வாசல் திறக்காது. இது நியாயமா என்று கேட்டால், ஆஸ்பத்திரி வராந்தாவில் இரவு பகலாகக் காத்துக் கிடப்பவள் எப்படிக் காய் எடுக்கப் போவாள் என்ற கேள்வி எழத்தான் செய்கிறது. சட்டத்தில் இப்போது அப்படித்தான் இருக்கிறது.

தனக்கே உடம்பு முடியாமல் நிற்பவர்கள், விண்ணப்பத்தில் வேலையை விட்ட காரணம் கேட்கும் இடத்தை வெறுமனே விட்டுவிடக் கூடாது. ஐந்தாண்டுக்குக் குறைந்த சர்வீஸ் என்றால் உடல்நலக் குறைவா, தொழில் மூடலா, கைமீறிய காரணமா என்று அதில் தனியாகவே கேட்கப்படுகிறது. கணக்கப்பிள்ளை அவசரத்தில் “சொந்த விருப்பத்தால் விலகல்” என்று எழுதி அனுப்பிவிட்டால், அந்த ஒரு வரியே வரிப் பிடித்தத்துக்குக் காரணமாகிவிடும். பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு. டாக்டர் கொடுத்த சீட்டையும் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். முன்பணத்துக்கு அவை தேவையில்லை என்றாலும் இங்கே தேவைப்படும். இனி எந்த வேலையும் செய்ய முடியாதபடி நிரந்தரமாக முடங்கிப்போனவர், மருத்துவ அதிகாரியின் சான்று பெற்றால், காத்திருப்புக் காலமின்றியே முழுப் பணமும் பெறலாம் என்று திட்டத்தின் 69ஆவது ஷரத்து கூறுகிறது.

தொழில் மூடல் என்பதும் இந்த ஜில்லாவுக்குப் புதிதல்ல. 2000ஆம் ஆண்டையொட்டிப் பீர்மேடு தாலுகாவில் தேயிலைத் தோட்டங்கள் மூடப்பட்டபோது தமிழ்க் குடும்பங்கள் பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல. அவ்வாறு வேலை இழந்தவர் ஐந்தாண்டு முடிக்காதவரானாலும், வரியிலிருந்து தப்ப அந்தக் காரணமே போதும்.

தோட்டம் மாறினால் ஐந்தாண்டு போய்விடுமா?

போகாது, ஆனால் போக்கிக்கொள்கிறார்கள். சாந்தன்பாறையில் இரண்டரை ஆண்டு, ராஜகுமாரியில் மூன்றாண்டு வேலை செய்தவர், முதல் கணக்கை இரண்டாம் கணக்குக்கு மாற்றிக்கொண்டிருந்தால் அது ஐந்தரை ஆண்டுத் தொடர் சர்வீஸாகும். தோட்டம் மாறும்போதெல்லாம் கணக்கைத் தீர்த்து வாங்கியவருக்கு எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் ஒன்றிலிருந்து தொடங்கும். இருபதாண்டு உழைத்தும் ஐந்தாண்டு சர்வீஸ் இல்லாதவர் என்ற விசித்திரம் இப்படித்தான் ஏற்படுகிறது.

பென்ஷனிலும் இதே கதை. 1995ஆம் ஆண்டுப் பென்ஷன் திட்டத்தில் மாதப் பென்ஷன் பெறப் பத்தாண்டு சர்வீஸ் வேண்டும். பேரை வெட்டும்போதெல்லாம் 10-சி படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் பென்ஷன் பணத்தையும் ரொக்கமாக வாங்கிவிட்டால், அந்த ஆண்டுகள் கழிந்துபோகும். ஐம்பத்தெட்டு வயதில் கையை விரிக்க வேண்டியதுதான்.

2014 முதல் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆயுள் முழுவதற்கும் ஒரே எண் வழங்கப்படுகிறது. எத்தனை முதலாளி மாறினாலும் எண் மாறாது. புதிய தோட்டத்தில் சேரும்போது பழைய எண்ணைச் சொல்லாமல், மேஸ்திரி கேட்கவில்லை என்று புதிதாக ஒன்று வாங்கிக்கொள்பவர்களால்தான் குழப்பம் உண்டாகிறது.

பாலக்காட்டுக் குமாஸ்தாக்களுக்கு

வாளையாறு தாண்டிக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்கு கோவையிலிருந்து வந்து போகும் குமாஸ்தாக்களின் நிலை சற்று வேறு. தொழிற்சாலைகளில் வரம்புக்குட்பட்ட சம்பளக்காரர்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. பெரிய வியாதிக்கு முதலில் அதன் கதவைத் தட்டலாம். தோட்டத் தொழிலாளிக்கு அது இருந்ததில்லை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் எஸ்டேட் ஆஸ்பத்திரியை நம்பச் சொன்னது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, தோட்ட முதலாளி விரும்பினால் இ.எஸ்.ஐ.யில் சேரலாம் என்கிறது. முதலாளி விரும்ப வேண்டுமே!

குமாஸ்தாவுக்கு வேறொரு வலை. பழைய முறையில் வரி கட்டிய ஆண்டுகளில் அவர் தம் பி.எப். சந்தாவைக் காட்டி 80-சி சலுகை பெற்றிருப்பார். ஐந்தாண்டுக்குள் கணக்கைத் தீர்த்தால் அந்தச் சலுகையும் திரும்பப் பெறப்படும். முதலாளி பங்கும் அதன் வட்டியும் சம்பள வருமானமாகும். தம் பங்கின் வட்டி இதர வருமானமாகும். பத்து சதவீதம் பிடித்தாயிற்றே, கடன் தீர்ந்தது என்று அவர் இருந்துவிடலாகாது. வரி கட்டும் நிலையில் உள்ளவருக்கு அது முன்தவணை மட்டுமே. அவர் 15-ஜி கொடுத்துத் தப்பவும் முடியாது. வரி உள்ளவர் வரி இல்லை என்று உறுதி கூறுவது குற்றமாகும்.

பிற நாடுகளிலும் இந்த இழுபறி உண்டு. அமெரிக்காவில் ஓய்வுக்கால நிதியை ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்தால், வருமான வரிக்கு மேல் 10 சதவீதம் தண்டம். வைத்தியச் செலவு ஆண்டு வருமானத்தில் ஏழரை சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய அளவுக்குத் தண்டம் மட்டும் தள்ளுபடி, வரி போகாது. அதோடு ஒப்பிட்டால் நமது முன்பண விதி தாராளமானதே.

ஜீப்பில் வருகிறவர்கள்

இவ்வளவும் பி.எப். புத்தகத்தில் பெயர் உள்ளவர்களுக்கு. காலையில் 17 வளைவுகளைச் சுற்றி வருகிறார்களே, அந்தப் பெண்களில் பலர் எந்த மஸ்டரிலும் நிரந்தரமாக இல்லாதவர்கள். இன்று ஒரு தோட்டம், அடுத்த வாரம் வேறொன்று. அவர்களுக்கு எடுப்பதற்குப் பணமும் இல்லை, பிடிப்பதற்கு வரியும் இல்லை.

சட்டம் அவர்களை ஒதுக்கவில்லை. இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனத்தில் நாள் கூலிக்காரரும், கங்காணி மூலம் வந்தவரும் சேர்ந்த நாளிலிருந்தே உறுப்பினராகத் தகுதி உள்ளவர். ஒரே ஸ்தாபனத்தின் கிளைகள் வெவ்வேறு இடத்தில் இருந்தாலும் ஒன்றாகவே எண்ணப்படும் என்று 1952 சட்டத்தின் 2-ஏ பிரிவு கூறியது. இருபதுக்குக் கீழே உள்ள சிறு ஏலக்காடுகளுக்குத்தான் இது எட்டாது. ஏலமலையில் அத்தகையவை நிறைய. அங்கே வேலை செய்பவருக்கு வியாதி வந்தால், தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும், தமிழ்நாட்டு ரேஷன் கார்டை வைத்து எடுக்கும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையுமே துணை. பி.எப். உள்ளவர்களும், சேமிப்பில் கைவைக்கும் முன் அந்த அட்டை தங்களிடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது உத்தமம்.

இனிஷியல் தகராறு

முன்பணம் கேட்டு மனுப் போட்டவர்கள் பெயர் விவகாரத்தில் சிக்கிக்கொள்வதும் உண்டு. நம்மவர்களுக்குத் தகப்பனார் பெயரின் முதல் எழுத்துத்தான் இனிஷியல். தோட்டத்து ரிஜிஸ்தரில் அது பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தாக இருக்கும். ஆதாரில் பெயருக்குப் பின்னால் நிற்கும், அல்லது முழுப் பெயராக விரிந்திருக்கும். பேங்கில் இனிஷியலே இராது. மலையாளத்தில் கேட்டு இங்கிலீஷில் எழுதியவர் “ழ”வை ஒருவிதமாகவும், ஆதார் மையத்தில் எழுதியவர் வேறுவிதமாகவும் எழுதியிருப்பார். பிறந்த தேதி ஓரிடத்தில் உத்தேசமாக ஜனவரி முதல் தேதி என்றிருக்கும். இயந்திரத்துக்கு இவர்கள் மூன்று பேர். மனு தள்ளுபடி.

இதைத் திருத்தக் கூட்டு உறுதிமொழி என்ற படிவம் உண்டு. தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கொடுக்க வேண்டியது. அதற்கு நாள் பிடிக்கும். ஆபரேஷனுக்குத் தேதி குறித்த பிறகு இந்த வேலையைத் தொடங்கினால் தேதிக்கு முன் முடியாது. வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே, சம்பளத்தன்று கணக்கப்பிள்ளையிடம் ஆதாரையும் பேங்குப் புத்தகத்தையும் பான் அட்டையையும் நீட்டி, “அண்ணே, மூணுலயும் எம்பேரு ஒண்ணா இருக்கான்னு பாருங்க” என்று கேட்டுவிட வேண்டும். கூடவே, பிடித்த சந்தா மாதாமாதம் கணக்கில் ஏறுகிறதா என்றும் பார்க்கச் சொல்ல வேண்டும். சம்பளத்தில் பிடித்ததெல்லாம் நிதிக்குப் போய்ச் சேர்ந்ததில்லை என்பதைத் தோட்டம் மூடிய பிறகே தெரிந்துகொண்டவர்கள் இந்த மலையில் இருக்கிறார்கள்.